கச்சான் இல்லாத படம்: எடுத்தவர் மறைந்தபின் ஒரு நிலக்காட்சி ஆவணப்படத்தை எப்படி முடிப்பது?

கேட்டவர்: உப்புவெளியான்

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமன் சென்ற மார்கழியில் காலமானார். திருகோணமலையில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். படமெடுப்பதை அவர் எங்கும் முறையாகக் கற்கவில்லை. ஆனால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொட்டியாறுக் குடாவைச் சுற்றியுள்ள நிலத்தையும் கடலையும் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். பேட்டி இல்லை, கதை இல்லை, யாரும் கமெராவைப் பார்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. மாவலி கங்கை குடாவில் கலக்கும் இடத்தில் விடியற்காலையில் எழும் பனி, கோட்டைக்குள் மேயும் மான்கள், சீனன்குடாவின் துருப்பிடித்த எண்ணெய்க் குதங்கள், தம்பலகாமத்து வயல், திருக்கடலூரில் கரைவலை இழுப்பவர்கள் என்று எல்லாமே நீண்ட, அசையாத காட்சிகள்.

அவர் விட்டுச் சென்றவை இரண்டு வன்தட்டுகள், ஒரு பெட்டி நிறையச் சிறிய மினி டிவி (Mini DV) ஒளிநாடாக்கள், மூன்று கொப்பிகள், மற்றும் அவரே வெட்டி ஒட்டிய 31 நிமிடப் படம். மூன்றாவது கொப்பியின் முதற்பக்கத்தில் படத்தின் அமைப்பை எழுதியிருக்கிறார். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு காற்றுகளுக்கு நான்கு பகுதிகள். முதல் மூன்றின் கீழும் காட்சிகளின் பட்டியல் நிறைந்திருக்கிறது. கச்சானின் கீழ் ஒரேயொரு சொல் மட்டும் இருக்கிறது: “பிறகு.”

குடும்பத்தில் எல்லோரும் படத்தை முடிக்க வேண்டும் என்கிறார்கள். கொழும்பில் இருக்கும் மைத்துனர் ஒருவர், ட்ரோன் வைத்து ஒரு கிழமையில் நான்காவது பகுதியை எடுத்துவிடலாம் என்றும், பார்க்கிறவர்களுக்கு விளங்கும்படி நல்ல குரலில் ஒரு வருணனையும் சேர்க்கலாம் என்றும் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் தயக்கம் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஈரானில் படமெடுக்கப் போய் இறந்த பிரெஞ்சு இயக்குநர் ஒருவரின் படத்தை அவருடைய வீட்டாரே முடித்தார்கள் என்று மாமா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. அதை அறிந்தவர்களும், இப்படியான வேலையில் கைவைத்தவர்களும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய திரைக்கழகத்தான்

உங்கள் மாமா சொன்னது அல்பேர் லமோரிஸ் என்பவரைப் பற்றி. 1956இல் வந்த ‘சிவப்பு பலூன்’ என்ற 34 நிமிடப் படத்தால் உலகெங்கும் அறியப்பட்டவர். அதில் பலூனின் பின்னால் ஓடும் சிறுவன் அவருடைய மகன் பஸ்கால். (பிள்ளைகள் விளையாடும் ‘ரிஸ்க்’ என்ற உலகைப் பிடிக்கும் பலகை விளையாட்டை உருவாக்கியவரும் இவர்தான் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.) ஹெலிகொப்டரிலிருந்து எடுக்கும்போது படம் அதிராமல் இருப்பதற்கான கமெரா ஏற்பாடு ஒன்றையும் அவரே வடிவமைத்து, ஹெலிவிஷன் என்று பெயரிட்டார். இன்று ட்ரோனில் எவரும் செய்வதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே முயன்று பார்த்தவர் அவர்.

ஈரான் அரசின் கலாசார அமைச்சுக்காக அவர் எடுத்த படத்தின் பெயர் ‘காதலர் காற்று’. பாரசீகத்தில் ‘பாதே சபா’ என்பார்கள். படத்தின் பெரும்பகுதி வானிலிருந்து எடுக்கப்பட்டது. பாலைவனம், மலை, மசூதிக் கூரை, கடற்கரை எல்லாவற்றின் மேலும் காற்று கடந்து போகிறது, அந்தக் காற்றே தன் குரலில் கதை சொல்கிறது. வெப்பக் காற்று, செந்நிறக் காற்று, கெட்ட காற்று, காதலர் காற்று என்று பல காற்றுகள் அந்த நாட்டில் குடியிருப்பதாக அந்தப் படம் நினைக்கிறது. படத்தில் பழமைதான் நிறைந்திருக்கிறது, நாட்டின் நவீன முகம் இல்லை என்று ஆட்சியாளர்களுக்குக் குறை இருந்ததாகவும், அதனாலேயே தெஹ்ரானுக்கு அருகிலுள்ள கராஜ் அணைக்கட்டை எடுக்க அவர் மீண்டும் போனதாகவும் சொல்வார்கள். 1970 ஜூன் 2ஆம் திகதி அந்த அணைக்கட்டில் படப்பிடிப்பின்போது ஹெலிகொப்டர் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 48. அவருடைய குறிப்புகளை வைத்து மனைவியும் மகனும் படத்தை முடித்தார்கள். படம் வெளிவந்தது 1978இல். ஒஸ்காரில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிந்துரையும் கிடைத்தது.

இறந்ததற்கும் வெளிவந்ததற்கும் இடையில் எட்டு ஆண்டுகள் போயிருக்கின்றன என்பதை உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். ஒரு கிழமையில் முடிக்கலாம் என்பவருக்கு அந்தக் கணக்கு ஒன்றே போதும்.

உங்கள் தயக்கத்துக்கான காரணமும் இந்தப் படத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே காற்று பேசுகிறது, ஆகவே இங்கேயும் காற்றுக்கு ஒரு குரல் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பாரசீகக் கவிதையில் சபா என்ற காலைக்காற்று காதலர்களுக்கு இடையே தூது போகும் பாத்திரம், அதற்கு நூற்றாண்டுகளாகவே பேசிப் பழக்கம் உண்டு. நம்முடைய வாடை அப்படிப்பட்டதல்ல. ‘நெடுநல்வாடை’யில் அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, ஆயர்களை மேட்டுநிலத்துக்கு விரட்டுகிறது, பறவையையும் விலங்கையும் ஒடுங்க வைக்கிறது, மூலையில் விசிறியைத் தூங்க விடுகிறது, பிரிந்திருப்பவளின் இரவை நீட்டுகிறது. காற்றைக் காட்டாமல் காற்றுப்பட்ட பொருள்களைக் காட்டுவதுதான் அங்கே முறை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த மொழியில் படிப்பித்த ஒரு புவியியல் ஆசிரியர், பேட்டியும் வருணனையும் இல்லாமல் பத்தாண்டுக்கு மேல் படமெடுத்திருக்கிறார் என்றால், குரல் இல்லாததை மறதி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பதில்: வெட்டுமேசை

நான் படத்தொகுப்பாளர். ஆகவே கவிதையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுக் கைவேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேறு எதைச் செய்வதற்கு முன்பும் அந்த இரண்டு வன்தட்டுகளையும் முழுமையாகப் படியெடுங்கள். ஒரு படி வீட்டிலும் இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். மூலத் தட்டுகளில் ஒரு கோப்பின் பெயரைக்கூட மாற்றாதீர்கள். உங்கள் மாமா கோப்புகளை எந்தப் பெயரில், எந்த உறையில் வைத்தார் என்பதும் அவருடைய குறிப்புதான். மினி டிவி நாடாக்களைத் தள்ளிப்போட வேண்டாம். நம் கடற்கரையின் ஈரமும் உப்பும் காந்தநாடாவுக்குப் பகை. அவற்றை ஓட்டும் கருவிகளும் வருடத்துக்கு வருடம் அருகிக்கொண்டே போகின்றன. அந்த நாடாக்களில் உள்ள படம் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், செக்கனுக்கு 25 சட்டமாக, 720க்கு 576 என்ற அளவில், பெரும்பாலும் பழைய தொலைக்காட்சியின் 4க்கு 3 என்ற வடிவில் இருக்கும். அதை இன்றைய அகலத் திரைக்காக இழுக்கவும் வேண்டாம், மேலும் கீழும் வெட்டவும் வேண்டாம். இரு பக்கமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம். அந்தப் பெட்டிக்குள் பாதையின் காட்சி ஒன்று இருக்குமானால், அதன் மங்கலும் குறுகலுமே அது எந்தக் காலம் என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்து, அந்த 31 நிமிடத்தை ஒரு முடிவான பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் புதிதாக எதையும் நுழைக்காதீர்கள். ஒவ்வொரு காட்சியும் எத்தனை செக்கன் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஒரு ஆளின் மூச்சு அதிலிருந்து பிடிபடும். அவர் 40 செக்கன் நிறுத்திய இடத்தில் நீங்கள் 8 செக்கனில் வெட்டினால், அந்தக் கணமே படம் வேறு ஒருவருடையதாகிவிடும்.

ஒரு முன்மாதிரி சொல்கிறேன். ஆஸ்திரிய இயக்குநர் மிகாயேல் கிளாவோகர், எந்தக் கருப்பொருளும் இல்லாமல் ஓராண்டு பயணம் செய்துகொண்டே படமெடுப்பது என்று 2013 இறுதியில் புறப்பட்டு, பால்கன் நாடுகளையும் இத்தாலியையும் கடந்து மேற்கு ஆபிரிக்கா வரை போய், 2014 ஏப்ரலில் லைபீரியாவில் மலேரியாவால் இறந்துபோனார். படம்பிடித்தது நான்கு மாதமும் சில நாட்களும்தான். அவருடைய நெடுநாள் தொகுப்பாளர் மோனிகா வில்லி அந்தக் காட்சிகளைக் கொண்டு 2017இல் ‘பெயரிடப்படாதது’ என்ற படத்தை முடித்தார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. படத்தில் குரல் இருக்கிறது. ஆனால் அது வாசிப்பது இறந்தவர் தாமே எழுதிய குறிப்புகளை; வாசிப்பதும் ஒரு பெண்ணின் குரல். எவரும் அதை இயக்குநரின் குரல் என்று மயங்க முடியாது. எடுக்கப்படாத எட்டு மாதங்களை எங்கும் நிரப்பவும் இல்லை.

ட்ரோன் பற்றியும் ஒரு வார்த்தை. திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள துறைமுகம். சீனன்குடாவில் விமானப்படைத் தளம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் இல்லாமல் அங்கே எதையும் பறக்கவிட நினைக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். உங்கள் மாமாவின் கமெரா எப்போதாவது தரையை விட்டு எழுந்திருக்கிறதா?

பதில்: மூதூர்க்காரி

எல்லோரும் எப்படி முடிப்பது என்றே பேசுகிறீர்கள். முடிக்கத்தான் வேண்டுமா என்று நான் கேட்கிறேன். பாரதியார் 1921இல் மறைந்தபோது ‘சந்திரிகையின் கதை’ பாதியில் நின்றது. அது நின்ற இடத்திலேயே அச்சேறியது. நூறு ஆண்டாகியும் நாம் அதைப் படிக்கிறோம், அந்த வெட்டிலிருந்து யாரும் இன்னொரு அத்தியாயத்தை எதிர்பார்க்கவில்லை. மறுபக்கம் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனைப் பாருங்கள். 1930க்கும் 1932க்கும் இடையில் மெக்சிகோவில் அவர் எடுத்த காட்சிகள் அவருடைய கைக்கே திரும்பி வரவில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே 1933இல் வேறொருவர் அவற்றிலிருந்து ஒரு படத்தை வெட்டி வெளியிட்டார். அவர் 1948இல் இறந்து, 1979இல்தான் உடன் வேலைசெய்த அலெக்சாந்திரோவ் அதைத் தொகுத்தார். அக்கறையோடு செய்த வேலைதான், ஆனாலும் அதைப் பார்க்கும்போது எந்த வெட்டு யாருடையது என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை. உங்கள் மாமாவிடம் 31 நிமிடம் இருக்கிறது. அதை அப்படியே காட்டுங்கள். கடைசியில் கறுப்புத் திரையில் அந்த ஒரு சொல்லை, அவருடைய கையெழுத்திலேயே, வையுங்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில்: உப்புவெளியான்

மிக்க நன்றி. மூதூர்க்காரி அக்கா சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 31 நிமிடத்தில் வாடையும் கொண்டலும் மட்டுமே இருக்கின்றன. சோளகத்துக்கு அவர் எடுத்த ஏறக்குறைய ஒன்பது மணிநேரக் காட்சிகள் பட்டியலோடு, வரிசையோடு இருக்கின்றன, வெட்டப்படவில்லை. அதை விட்டுவிட்டால் அவர் செய்த வேலையில் பாதியை மறைத்ததாகும் என்று படுகிறது. இன்னொன்று, கமெரா ஒருபோதும் தரையை விட்டு எழுந்ததில்லை. முழங்கால் வலி வந்தபின் இன்னும் தாழ்ந்துதான் போயிருக்கிறது, கதிரையில் இருந்தபடியே எடுத்திருக்கிறார்.

பதில்: சட்டத்தரணி ஒருவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஒரு படைப்புக்கான உரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். பணம் சார்ந்த உரிமை வேறு. தன் பெயர் இருக்க வேண்டும், தன் படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்ற தார்மீக உரிமை வேறு. இரண்டையும் சட்டம் காக்கிறது. ஆகவே மாமாவின் வாரிசுகள் எல்லோரும் எழுத்தில் சம்மதித்த பின்னரே தொடங்குங்கள், மைத்துனர் உட்பட. பெயர்ப் பகுதியில் ‘இயக்கம்’ என்பதன் கீழ் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். உங்கள் பெயரை ‘இயக்குநரின் குறிப்புகளின்படி மூன்றாம் பகுதியைத் தொகுத்தவர்’ என்று, எதைச் செய்தீர்களோ அதை மட்டும் சொல்லி, எழுதுங்கள். கரைவலைக்காரர்களின் முகம் தெரியுமானால் அவர்களுக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல, அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பதில்: கரைவலை

நான் சினிமா அறியாதவன். தகப்பன் காலத்திலிருந்து வலை வைத்திருக்கும் சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. காற்றைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, பிழையிருந்தால் மூத்தவர்கள் திருத்துங்கள்.

வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான் என்று நான்கையும் திசைக்கு ஒன்றாகப் பிரிப்பது கொப்பிக்குச் சரி. கடற்கரையில் நின்றால் அப்படிப் பிரிவதில்லை. வைகாசி பிறந்து ஆவணி வரைக்கும் தென்மேற்கிலிருந்து வருவதைச் சிலர் சோளகம் என்பார்கள், அதுவே நிலத்தின் மேலால் காய்ந்து, சூடேறி, மேற்கிலிருந்து கரையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கும்போது நாங்கள் கச்சான் என்போம். கச்சான் என்றால் வறட்சி என்று பட்டணத்தார் நினைக்கிறார்கள். (கடலைக்கும் அதே பெயர் என்பதால் வெளியூர்க்காரருக்கு எப்போதும் ஒரு சிரிப்பு.) அதே நாட்களில்தான் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் தம்பலகாமத்துச் சிறுபோகம் கதிர் முற்றுகிறது. அதே நாட்களில்தான் எங்கள் தொழிலும் நடக்கிறது. ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும்போது கரையோரத்தில் அலை எழும்பாது, கடல் கண்ணாடி போலக் கிடக்கும். மேற்குக் கரையில் அப்போது கடல் கொந்தளிப்பதால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக்காரர்கள் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுகிறார்கள். மாரியில் வாடை அடிக்கும்போது இந்தக் கரையில் கரைவலை வளைக்கவே முடியாது.

ஆகவே உங்கள் மாமாவின் காட்சியில் கடல் அசையாமல் கிடந்து, வலை இழுக்கிறவர்களின் சாரம் கடலைப் பார்த்துப் பறந்தால், அது கச்சான். அவர் அதற்கு என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி. நீங்கள் அதைத் தேடிப் புதிதாக எடுக்கப் போக வேண்டியதில்லை.

பதில்: வெட்டுமேசை

கரைவலை ஐயாவின் பதிலைப் படித்தபின் என் பதிலில் பாதியை அழித்துவிடலாம் போலிருக்கிறது. உப்புவெளியான், சோளகம் என்ற உறையில் உள்ள மூலக் கோப்புகளைத் தொடக்கத்திலிருந்து, ஒலியோடு, ஒன்றுவிடாமல் பாருங்கள். தனியாக எடுப்பவர்கள் பலர் கமெராவை ஓடவிட்டதும் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் பின்னால் போவார்கள். வெட்டும்போது அது போய்விடும், மூலத்தில் இருக்கும்.

பதில்: உப்புவெளியான்

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஒன்பது மணிநேரத்தையும் பார்த்து முடிக்க மூன்று கிழமை எடுத்தது. தட்டுகளைப் படியெடுத்துவிட்டேன், நாடாப் பெட்டியை ஓட்டிப் பார்க்க ஒரு கருவி கடனாகக் கிடைத்திருக்கிறது.

வெட்டுமேசை சொன்னது போலவே ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் மாமாவின் குரல் இருக்கிறது. வகுப்பில் வரவு எடுப்பது போன்ற அதே குரல். “மூதூர் இறங்குதுறை, காலை ஆறு, சோளகம்.” “புறாத்தீவுக்கு எதிரே, நிலாவெளி, மதியம், சோளகம்.” இப்படி நாற்பதுக்கு மேல். மைத்துனர் கேட்ட குரல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு, அவரே தன் 31 நிமிடத்தில் இந்தக் குரலை ஓரிடத்திலும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆகவே நானும் வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் கடைசி ஆண்டில் எடுத்த ஒரு கோப்பு மட்டும் வேறுவிதமாக இருக்கிறது. திருக்கடலூர்க் கரை. கடல் கரைவலை ஐயா எழுதியபடியே கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் வலையை இழுக்கிறார்கள், தூரத்திலிருந்து அம்பாப் பாட்டு அரைகுறையாகக் கேட்கிறது. மாமா வழக்கம் போலத் தொடங்குகிறார்: “திருக்கடலூர், ஆடி, பின்நேரம் நாலரை, சோளகம்.” சற்று நேரம் பேச்சில்லை. கதிரை மணலில் உரசும் சத்தம். பிறகு யாரையும் பார்த்துச் சொல்லாதது போல, “இல்லை, கச்சான்” என்கிறார்.

அதன்பின் 22 நிமிடம் அவர் பேசவில்லை. வலை கரைக்கு வரும்வரை கமெராவும் நிற்கவில்லை. இந்தக் கோப்பை நான் இன்னும் எங்கும் வெட்டவில்லை. தொடக்கத்தில் உள்ள அந்த இரண்டு சொற்களை விடுவதா நீக்குவதா என்று அத்தையிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போட்டுக் காட்டுகிறேன்.